எம்ஜிபிக்குள் வி8: மூக்கு கனக்குமா?

2023 பிப்ரவரி 4, லீட்ஸில் இருந்து ஒரு வாசகர்:
"என்னிடம் 1972 எம்ஜிபி ஜிடி (எம்ஜி கம்பெனியின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், மூடிய கூரை மாடல்) இருக்கிறது. அதன் 1.8 லிட்டர் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ரோவர் எஸ்டி1 காரிலிருந்து கழற்றிய 3.5 லிட்டர் வி8 இன்ஜின் (வி வடிவில் எட்டு சிலிண்டர்) ஒன்று மலிவாக வருகிறது. மாட்டிவிடலாமா என்று யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். எட்டு சிலிண்டரைத் தூக்கி முன்னால் வைத்தால் மூக்கு கனத்துவிடும், வளைவில் வண்டி திரும்பாது, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் அழகே எடை குறைவுதான், கெடுத்துவிடாதே என்கிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பிப்ரவரி 5
சரியில்லை. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் நிற்காது.

உங்கள் காரில் இப்போது இருக்கும் 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரோவர் வி8-இல் இரண்டுமே அலுமினியம். அமெரிக்காவில் பியூக் 1961-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 215 கன அங்குல இன்ஜின்தான் அதன் மூலம். சுமார் 145 கிலோதான் எடை. சிலிண்டர் இரண்டு மடங்கு, கொள்ளளவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை மட்டும் பழைய நாலு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட சமம். கார்பரேட்டர், ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். அதை வைத்து வேண்டுமானால் சண்டை போடலாம், ஆனால் மூக்கு கனக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது.

மூக்கு கனத்த கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்ஜிசி. 1967-இல் எம்ஜி கம்பெனியே இதே பாடியில் 2912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தது. முழுக்க இரும்பு. பழைய இன்ஜினைவிட 90 கிலோவுக்கு மேல் கூடுதல், அதுவும் நீளமான இன்ஜின். அதற்கு இடம் கொடுக்க முன் சஸ்பென்ஷனையே மாற்றி, காயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு டார்ஷன் பார் போட்டார்கள். பானெட்டில் ஒரு புடைப்பு, 15 அங்குலச் சக்கரம். ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது என்று எழுதித் தள்ளினார்கள். இரண்டே வருடத்தில், சுமார் 9,000 கார்களோடு கடை மூடியது. இன்றைக்கு உங்களிடம் "திரும்பாது" என்று சொல்பவர்கள் பேசுவது எம்ஜிசியைப் பற்றித்தான், தலையில் மட்டும் வி8 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, இரவு
விட்டுப்போனது ஒன்று. இதை முதலில் காசுக்குச் செய்து காட்டியது எம்ஜி அல்ல. கென் காஸ்டெல்லோ என்ற பந்தயக்காரர் 1970-களின் தொடக்கத்தில் கென்ட் பகுதியில் எம்ஜிபிகளுக்கு வி8 மாட்டி விற்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எம்ஜியின் தாய்க் கம்பெனி பிரிட்டிஷ் லேலண்ட் 1973 ஆகஸ்டில் எம்ஜிபி ஜிடி வி8-ஐ வெளியிட்டது. குறைந்த கம்ப்ரஷன் இன்ஜின், 137 எச்பி. 1976-இல் நிறுத்தும்வரை செய்தது 2,591 கார்கள்தான். வெளியிட்ட இரண்டாம் மாதமே எண்ணெய் நெருக்கடி வந்தது. போதாததற்கு, இதைவிட மலிவாக 3 லிட்டர் ஃபோர்டு கேப்ரி கடையில் நின்றது. ராசியில்லாத கார். ஆனால் ஓட்டத்தில் யாரும் பெரிய குறை சொல்லவில்லை.

பிப்ரவரி 6
"அப்படியானால் எடை பிரச்சினை இல்லை, மாட்டிவிடலாம்தானே?" என்று லீட்ஸ்காரர் கேட்கிறார்.

பொறுங்கள். எடை இல்லையே தவிர, அகலம் இருக்கிறது.

நாலு சிலிண்டர் இன்ஜின் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். வி8 இரண்டு பக்கமும் தோளை விரித்துக்கொண்டு உட்காரும். அந்தத் தோளுக்கு வெளியே, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய்கள். வலது பக்கம் அதே இடத்தில்தான் ஸ்டியரிங் ஷாஃப்ட் இறங்குகிறது. பின்னால் ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் உட்காருபவருக்கும் நடுவே உள்ள சுவர். முன்னால் ரேடியேட்டர். கீழே ஆயில் ஃபில்டர் தொங்கும் இடத்தில் சஸ்பென்ஷனின் கிராஸ் மெம்பர். மேலே பானெட். எஸ்டி1-இன் கார்பரேட்டர்கள் அதன் சொந்த மேனிஃபோல்டில் உயரமாக நிற்கும், உங்கள் பானெட் மூடாது. எம்ஜி என்ன செய்தது என்றால், கார்பரேட்டர்களை இன்ஜினின் முதுகுப்பக்கம் தள்ளித் தாழ்வாக வைத்தது, ஆயில் ஃபில்டரைக் கழற்றி ஹோஸ் போட்டு வேறு இடத்தில் மாட்டியது. காஸ்டெல்லோ அதற்கெல்லாம் மெனக்கெடாமல் பானெட்டிலேயே ஒரு புடைப்பு வைத்துவிட்டார்.

உங்கள் கார் 1972 என்பதுதான் இதில் சிக்கல். வி8 மாடலுக்காக ஃபயர்வாலையும், இன்ஜின் அறையின் பக்கச் சுவர்களான உள் விங்குகளையும் எம்ஜி மாற்றியது. 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது எல்லா எம்ஜிபிக்கும் அந்த மாற்றிய பாடிதான். அழகில்லை என்று எல்லோரும் ஒதுக்கும் ரப்பர் பம்பர் கார்கள்தான் வி8 மாட்ட லாயக்கானவை. உங்களுடையது போன்ற பழைய குரோம் பம்பர் காரில் தட்ட வேண்டும், அல்லது வெட்ட வேண்டும்.

தட்டுவது கேவலம் என்று நினைக்க வேண்டாம். 1964-இல் வந்த சன்பீம் டைகரில், ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8 உள்ளே போக, பெயின்ட் அடித்து முடித்த பாடியின் ஃபயர்வாலைச் சம்மட்டியால் தட்டித்தான் இடம் செய்தார்கள், அதுவும் தொழிற்சாலை வரிசையிலேயே. அதில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமென்றால் காருக்குள் உட்கார்ந்து, ஃபயர்வாலில் உள்ள ஓட்டை வழியாகக் கைவிட வேண்டும். அமெரிக்கப் பந்தயக் கார் நிபுணர் கரோல் ஷெல்பி கைவைத்த கார், நினைவிருக்கட்டும்.

பிப்ரவரி 8
கனடாவில் இருந்து ஒருவர்: "ஏன் 3.5? செவர்லே 5.7 போடலாமே?"

போடலாம். வேகத்தடையில் ஏறும்போது பின் ஆக்சில் உங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும்.

பிப்ரவரி 11
சூடு பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என்னுடையது 1978 ரப்பர் பம்பர் ஜிடி. நான் மாட்டியதல்ல. முந்தைய சொந்தக்காரர் வி8 மாட்டி, இரண்டு கோடை ஓட்டி, வெறுத்துப்போய் விற்றார். ஏன் வெறுத்தார் என்று முதல் ஜூலையிலேயே எனக்குப் புரிந்தது. லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயில் நெரிசல். வண்டி நகரவில்லை, டெம்பரேச்சர் முள் மட்டும் நகர்ந்தது. ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஜன்னலை இறக்கி, ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், அவசரத்துக்கு உதவும். பக்கத்து லேனில் ஏசி காரில் இருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது நிலவரம் இது. வலது மேனிஃபோல்டுக்கும் ஸ்டியரிங் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகவில்லை. ஜாயின்டின் கிரீஸ் உருகி வழிந்து காய்ந்து, அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடிமனான கேபிளின் உறை குழாய்ப்பக்கம் மட்டும் பளபளவென்று இளகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் செம்பு வெளியே வந்திருக்கும், பாட்டரியில் இருந்து நேராக வரும் ஒயர், நடுவில் ஃபியூஸ் கிடையாது. அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்தது: ஸ்டார்ட்டர் கேபிளை வேறு வழியில் கொண்டுபோய் வெப்பம் தாங்கும் உறை போட்டேன். ஜாயின்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு. ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் (எம்ஜியே வி8 மாடலில் இரண்டு வைத்தது, முந்தையவர் ஒன்றோடு நிறுத்திவிட்டார்). முள் இறங்கியது. ஆனால் பானெட்டுக்கு அடியில் காற்று வெளியேற வழியே இல்லாத கார் இது, அதற்கு ஃபேன் மருந்தல்ல. 1992-இல் எம்ஜி ஆர்வி8 என்று இதே காரை மறுபடி எடுத்தபோது, மேனிஃபோல்டு குழாய்களை உள் விங்கில் ஓட்டை போட்டு சக்கரத்துப் பக்கமாக வெளியே கொண்டுபோனார்கள். சூட்டை இன்ஜின் அறையை விட்டே துரத்தும் வேலை. இன்று வி8 மாற்றம் செய்பவர்கள் நிறையப் பேர் அதே மேனிஃபோல்டு வடிவத்தைத்தான் வாங்குகிறார்கள். நானும் மாறிவிட்டேன், இப்போது ஷூ போட்டுக்கொண்டே ஓட்டலாம்.

(அந்த ஆர்வி8-இல் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. சுமார் 2,000 செய்ததில் 1,500-க்கு மேல் அங்கே.)

பிப்ரவரி 12
கோவையில் இருந்து ஒரு அண்ணன் தனிமடலில் கேட்டது: "தம்பி, நீ சொல்லும் பி-சீரிஸ் நம்ம அம்பாசடர் இன்ஜின்தானே?"

அதே வம்சம்தான் அண்ணா. அம்பாசடரில் வந்தது 1489 சிசி பி-சீரிஸ், எம்ஜிபியில் 1798. நம்மூரில் அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அதே வேலைக்கு மணிக்கணக்கில் பில் போடுகிறார்கள். தொண்ணூறுகளில் அம்பாசடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்ததும் இதே கதைதானே, பழைய பாடி, புது இதயம். அந்த இசுசு அம்பாசடரை யாராவது மூக்கு கனம் என்று சொன்னார்களா? வளைவில் போகிற வேகத்துக்கு எதுவும் கனக்காது என்பது வேறு.

பாகங்கள் ஒன்றுக்கொன்று சேருமா என்றால், எல்லாம் சேராது. எம்ஜிபியில் 1964 கடைசியில் இருந்து கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். அம்பாசடரில் மூன்று. பார்சல் கட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி 15
லீட்ஸ்காரர் பின் ஆக்சிலை அப்படியே விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறார். தாராளமாக விடலாம், உடையாது. ஜிடியில் ஆரம்பத்தில் இருந்தே கெட்டியான குழாய் வகை ஆக்சில்தான். (பழைய திறந்த கூரை ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 1967 வாக்குவரை அதில் வேறு வகை, அதற்கு இவ்வளவு தெம்பு இல்லை.)

ஆனால் விகிதத்தைப் பாருங்கள். பின் ஆக்சிலில் உள்ள உங்கள் கிரவுன் பினியன் கியரின் விகிதம் 3.9. டாப் கியரில் 1000 சுற்றுக்கு 18 மைல் வேகம். மோட்டார்வேயில் 70 மைலில் போனால் இன்ஜின் 3,900 சுற்றில் கத்தும். நாலு சிலிண்டருக்கு அது வழக்கம். வி8-க்கு அது பாவம். எம்ஜி தன் வி8-க்கு 3.07 போட்டது. அதே 70 மைலுக்கு 3,100 சுற்றுகூட வேண்டாம், சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவைத் தட்டினால் இன்னும் கீழே. 193 பவுண்டு-அடி டார்க் கைவசம் இருக்கும்போது இன்ஜினை எதற்கு ஓடவிட வேண்டும், நடக்கவிட்டாலே போதும்.

3.07 கிரவுன் பினியன் இன்று விலை அதிகம். மாற்று வழி ஐந்து கியர் பெட்டி. உங்களுக்குக் கிடைக்கும் இன்ஜினோடு அதன் எஸ்டி1 கியர்பாக்ஸும் வருகிறதா என்று கேளுங்கள். வருமானால் ஐந்தாவது கியர் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கியர்பாக்ஸ் உட்காரும் டன்னலைத் தட்ட வேண்டும், பின் மவுண்ட் புதிதாகச் செய்ய வேண்டும், புரப்பெல்லர் ஷாஃப்டை நீளம் மாற்றி பேலன்ஸ் செய்ய வேண்டும். முதல் இரண்டு வேலையைத் தெரிந்த வெல்டர் செய்வார். மூன்றாவதை அதற்கென்று இருப்பவரிடம் கொடுங்கள்.

பிரேக்கும் சேர்த்து. எம்ஜி முன்பக்கம் தடிமனான டிஸ்க் போட்டது. அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம். கம்பிச் சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். மனசு வராதுதான், எனக்கும் அது கஷ்டம்தான், ஆனால் எம்ஜியே வி8-க்கு அதைத் தரவில்லை.

பிப்ரவரி 19
காகித விஷயம். நேற்று ஒருவர் "இன்ஜின் மாற்றினால் பழைய நம்பர் போய்விடும்" என்று பயமுறுத்தியிருந்தார். வெறும் இன்ஜினுக்கு அப்படி இல்லை. பிரிட்டனில் வாகனப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ அப்போது, 2023-இல், புள்ளிக் கணக்கு வைத்திருந்தது: பாடி அல்லது சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன் 2, ஆக்சில் 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டியரிங் 2, இன்ஜினுக்கு வெறும் 1. எட்டுப் புள்ளி மிஞ்சினால் பழைய பதிவு எண் தங்கியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் போனாலும் பதினொன்று மிச்சம்.

ஆனால் அந்த ஐந்து புள்ளி, பாடி மாறாமல் இருந்தால்தான். எம்ஜிபியில் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அதனால்தான் 6-ஆம் தேதி "தட்ட வேண்டும், அல்லது வெட்ட வேண்டும்" என்று எழுதியதில் இப்போது தட்டுவதன் பக்கம் சாய்கிறேன். ஃபயர்வாலை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது, ஆர்வி8 மேனிஃபோல்டுக்காக உள் விங்கில் ஓட்டை போடுவது, இதெல்லாம் பாடியை மாற்றியதாகுமா என்று கேள்வி வரும் இடங்கள். வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன்னால் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) விலக்கு தனி. நாற்பது வருடம் தாண்டிய காருக்கு 2018 மே முதல் எம்ஓடி வேண்டாம், ஆனால் பெரிய அளவில் மாற்றியிருந்தால் வேண்டும். சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் பொதுவாக அது பெரிய மாற்றம்தான். எம்ஜிபி ஜிடிக்கு மட்டும் வாதிட இடம் உண்டு, ஏனென்றால் அதே காரை அதே வி8-ஓடு கம்பெனியே விற்றிருக்கிறது. என் வழி வேறு. விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். யாரோ மாட்டிய இன்ஜின், இன்னொரு ஜோடிக் கண் பார்த்தால் நல்லது.

இன்சூரன்ஸுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அதில் விவாதமே இல்லை.

பிப்ரவரி 26
லீட்ஸ்காரர் இன்ஜினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டார்ட் ஆகிறதாம், ஆனால் "ஒரு தட்டு தட்டி ஓடுகிறது". விற்பவர் கார்பரேட்டர் டியூனிங் என்று சொல்லியிருக்கிறார்.

இருக்கலாம். முதலில் பிளக் ஒயரைப் பாருங்கள். இந்த இன்ஜின் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்துப் பற்றும், இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர். அந்த இரண்டு ஒயரையும் ஒட்டி உரசிக் கட்டினால் ஐந்தின் மின்சாரம் ஏழுக்குத் தாவி, நேரம் தப்பிப் பற்றவைக்கும். ஒயர்களை அழகாக இணைகோடாகக் கட்டுபவர்களுக்குத்தான் இது வரும். அந்த இரண்டைப் பிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அதில் போகவில்லையென்றால் வால்வ் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கருப்புக் களிம்பு படிந்திருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை. அப்படி வளர்ந்த ரோவர் வி8-இல் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கும், நிச்சயம் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கேம், லிஃப்டர், டைமிங் செயின் மூன்றையும் வெளியே இருக்கும்போதே மாற்றுவது ஒரு மதிய வேலை. காருக்குள் போன பிறகு ரேடியேட்டரில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

மார்ச் 5
இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு மறுயோசனை.

நேற்று நண்பர் ஒருவரின் எம்ஜிபியை ஓட்டினேன். நாலு சிலிண்டர்தான். பிளாக்கை 1950 சிசிக்கு போர் செய்து, ஹெட்டை நன்றாகச் சீர்செய்து, ஐந்து கியர் பெட்டி போட்டிருக்கிறார். பிராட்வே கிராமத்துக்கு மேலே ஃபிஷ் ஹில் ஏற்றம். என் வி8 அதை மூச்சுவிடாமல் ஏறும், கியரையே தொட வேண்டாம். இவருடையதில் மூன்றாவதுக்கு இறங்கினேன், வளைவு முடியும்போது மறுபடி நாலு. ஏறிய வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்த வேலை பிடித்திருந்தது என்பதுதான் தொந்தரவு.

பானெட்டைத் திறந்தால் இன்னும் பொறாமை. இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கை போகிறது. கீழே விழுந்த நட்டு தரையில் கிடக்கிறது. என்னுடையதில் விழுந்த நட்டுகள் இன்னும் உள்ளேதான் எங்கேயோ வசிக்கின்றன.

அப்படியானால் வி8 வேண்டாமா? அப்படியும் சொல்ல மனமில்லை. வேகத்துக்காக என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் இதைவிட வேகமான கார் ரெடியாகவே வரும். எனக்கு வி8 தருவது அவசரமில்லாத தன்மை. 1,500 சுற்றில், நாலாவது கியரில், கிராமத்துச் சாலையில் முணுமுணுத்துக்கொண்டு போகும். நீண்ட தூரம் போகிறவருக்கு அது பெரிய சுகம். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் மலைச்சாலையில் கியர் போட்டு விளையாட வேண்டும் என்பவருக்கு அந்த 1950 போதும், மிச்சப் பணத்தில் துரு வேலை பார்க்கலாம். எம்ஜிபி வைத்திருக்கும் யாருக்கும் துரு வேலை தீர்ந்ததில்லை.

மார்ச் 6
"மஸ்டா எம்எக்ஸ்-5 இன்ஜின்?" என்று இருவர். நல்ல தேர்வு, லேசானது, சூடும் இல்லை. ஓட்டியதில்லை, அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. "எலக்ட்ரிக்?" என்று ஒருவர். தனி இழை ஆரம்பியுங்கள், நான் பாப்கார்னோடு வருகிறேன்.

மார்ச் 12
லீட்ஸ்காரர் முடிவு செய்துவிட்டார். ஐந்தையும் ஏழையும் பிரித்ததும் தட்டு நின்றுவிட்டதாம். கியர்பாக்ஸும் சேர்த்து வாங்குகிறார். ஃபயர்வாலைத் தட்டுவது, வெட்டுவதில்லை. டிவிஎல்ஏவுக்குக் கடிதம் போய்விட்டது.

இரண்டு விஷயம் மட்டும். பானெட் இடைவெளிக்குக் காரில் இருந்து அளவு எடுக்காதீர்கள், களிமண் வையுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். ஏர் ஃபில்டர் மேல் ஒரு உருண்டை, மேலே எண்ணெய் தடவிய பாலிதீன், பானெட்டை மெதுவாக இறக்கி மூடி, திறங்கள். நசுங்கியது போக மிஞ்சிய கனம்தான் உங்கள் இடைவெளி. இன்ஜின் முடுக்கினால் மவுண்டில் சாய்ந்து எழும், அதற்கும் கொஞ்சம் விடுங்கள்.

இன்னொன்று, பழைய 1.8 இன்ஜினை விற்காதீர்கள். ஆயில் குடித்தாலும் காரின் ஆவணத்தோடு நம்பர் பொருந்திய இன்ஜின், ஒரு மூலையில் பாலிதீன் சுற்றி வையுங்கள், நாளைக்கு காரை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்பார். கியர்பாக்ஸை மட்டும் விற்பதாக இருந்தால், அதில் ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா? செய்தால் வேறு எங்கும் விளம்பரம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த 1950 நண்பரின் காரை ஓட்டியதில் இருந்து எனக்கு இன்னொரு எம்ஜிபி மேல் கண்.